ரோ 80: பெயர் வாங்கித் தந்த இன்ஜின், பெயரைக் கெடுத்த சீல்

1967 செப்டம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் என்.எஸ்.யூ. என்ற ஜெர்மன் கம்பெனி ஒரு காரை நிறுத்தியது. பெயர் ரோ 80. அதன் படத்தை இன்று யாரிடமாவது காட்டி எந்த வருஷத்துக் கார் என்று கேட்டால், எண்பதுகளின் கடைசி என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். தாழ்ந்த முகம், உயர்ந்த பின்பக்கம், பெரிய கண்ணாடிகள், நான்கு மூலைக்கும் தள்ளி வைத்த சக்கரங்கள். கிளவுஸ் லூத்தே வரைந்த அந்த உடலின் காற்றுத்தடைக் குணகம் (காற்று காரை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது) 0.355. அன்றைய கார்கள் பலவும் 0.45ஐத் தாண்டித்தான் இருந்தன. அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் ஜெர்மன் கார் அதுதான்.

ஆனால் 1969இல் கம்பெனி ஃபோக்ஸ்வாகனிடம் போய்விட்டது. 1977இல் கார் நின்றது. 1985இல் என்.எஸ்.யூ. என்ற பெயரே அழிந்தது. இத்தனைக்கும் தொடக்கமாக இருந்தது இன்ஜினுக்குள் இருந்த, ஒரு விரல் நீளமுள்ள சில உலோகத் துண்டுகள். அவை ஏன் தேய்ந்தன என்று புரிந்துகொண்டால் அந்தக் கம்பெனியின் கதை முழுவதும் புரிந்துவிடும்.

என்.எஸ்.யூ. சாதாரணக் கம்பெனி அல்ல. 1873இல் பின்னல் இயந்திரம் செய்யத் தொடங்கி, நெக்கர்சுல்ம் என்ற சிற்றூருக்கு இடம் மாறி, சைக்கிள், பிறகு 1901இல் மோட்டார் சைக்கிள், அப்புறம் கார் என்று வளர்ந்தது. ஊர்ப்பெயரின் எழுத்துகளைப் பொறுக்கித்தான் கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள். இடையில் கார் தயாரிப்பைக் கைவிட்டாலும், 1950களின் நடுவில் உலகத்திலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்தவர்கள் இவர்கள்தான். 1953, 1954 உலகப் பந்தயங்களில் வெர்னர் ஹாஸ் இவர்களுடைய வண்டியில்தான் பட்டம் வென்றார். சிறிய இன்ஜினிலிருந்து நிறைய சக்தியை எடுப்பதில் கைதேர்ந்தவர்கள் என்ற பெயர் அப்படி வந்தது. மக்கள் மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு மாறத் தொடங்கியதும் 'பிரின்ஸ்' என்ற குட்டிக் காரோடு மறுபடி கார் உலகத்துக்குள் வந்தார்கள்.

ரோ 80இல் இருந்த இன்ஜினுக்கு மூலவரான ஃபெலிக்ஸ் வாங்கெல் இவர்களிடம் வந்து சேர்ந்தது 1951இல். பட்டப்படிப்பு இல்லாதவர். கிட்டப்பார்வை காரணமாகக் கடைசிவரை ஓட்டுநர் உரிமமே எடுக்காதவர். இளம் வயதிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விமான இன்ஜின்களில் சுழலும் பாகங்களுக்கு இடையே வாயு கசியாமல் அடைப்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. அதாவது, அப்படி அடைக்கும் சீல்களை அவரளவுக்குத் தெரிந்தவர் அன்று அதிகம் பேர் இல்லை. அவர் பெயரில் வந்த இன்ஜினே சீலால் கெட்ட பெயர் வாங்கியது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

சரி, அந்த இன்ஜின் எப்படி ஓடுகிறது? வழக்கமான இன்ஜினில் பிஸ்டன் மேலே போகிறது, நிற்கிறது, திரும்பிக் கீழே வருகிறது, மறுபடி நிற்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு பிஸ்டன் விநாடிக்கு 200 முறை நின்று திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் பேரிங்கும் அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். பெட்ரோல் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வு, அதைத் திறந்து மூட கேம்ஷாஃப்ட், ஸ்பிரிங் என்று ஒரு பட்டாளமே வேலை செய்ய வேண்டும்.

வாங்கெல் இன்ஜினில் இப்படி நின்று திரும்புவதும் கிடையாது, அந்த வால்வுப் பட்டாளமும் கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்ட அறை ஒன்று. அதற்குள் பக்கங்கள் சற்று உப்பிய முக்கோண ரோட்டார் ஒன்று. ரோட்டாரின் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி அறையின் வளைவைக் கணக்குப் போட்டு வடித்திருப்பார்கள். ரோட்டார் தன்னைத்தானே சுற்றுகிறது. அதோடு, மையம் விலகிய ஒரு தண்டின் மேல் அமர்ந்திருப்பதால் அதன் நடுப்பகுதியும் ஒரு சிறிய வட்டம் போடுகிறது. இரண்டும் சேரும்போது ரோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மூன்று இடைவெளிகளும் மாறி மாறி விரிந்து சுருங்குகின்றன. விரியும்போது பெட்ரோல் காற்றுக் கலவை உள்ளே வருகிறது. சுருங்கும்போது அழுத்தப்படுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் எரிந்து விரிகிறது. மறுபடி சுருங்கும்போது புகை வெளியே தள்ளப்படுகிறது. சுவரில் இருக்கும் துளைகளை ரோட்டாரே கடந்து திறந்து மூடுவதால் வால்வு தேவையில்லை.

ரோட்டார் ஒரு சுற்று முடிப்பதற்குள் அது அமர்ந்திருக்கும் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். ரோட்டாரின் மூன்று பக்கங்களும் தலா ஒரு முறை எரிவதால், தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உந்துதல் கிடைக்கிறது. வழக்கமான நான்கு ஸ்ட்ரோக் சிலிண்டரில் இரண்டு சுற்றுக்குத்தான் ஒன்று. ரோ 80இல் இப்படி இரண்டு ரோட்டார்கள், ஒன்றுக்கொன்று நேரெதிராக. ஒன்றின் ஆட்டத்தை மற்றது சரிக்கட்டிவிடும். ஆளுக்கு 497.5 சிசி, மொத்தம் 115 குதிரைத்திறன், மணிக்கு 180 கிலோமீட்டர். ஓட்டியவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது இன்ஜினின் அமைதியைப் பற்றித்தான்.

இந்த வடிவத்துக்கு வந்ததும் நேர்வழியில் அல்ல. 1957 பிப்ரவரி 1 அன்று முதலில் ஓடிய வாங்கெலின் இன்ஜினில் ரோட்டாரோடு அறையும் சேர்ந்து சுற்றியது. ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டுமென்றால்கூட இன்ஜினைப் பிரிக்க வேண்டும். என்.எஸ்.யூ.வின் பொறியாளர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே அறையை நிலையாக நிறுத்தி, உள்ளே ரோட்டாரை மட்டும் சுற்றவிட்டார். தன் பந்தயக் குதிரையை உழவுக் குதிரையாக்கிவிட்டார்கள் என்று வாங்கெல் கோபப்பட்டாராம். ஆனால் காருக்குள் வைக்க முடிந்தது பாஷ்கேயின் வடிவத்தைத்தான்.

இனி அந்த முனைகளுக்கு வருவோம். ரோட்டாரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பள்ளம், அதில் ஒரு மெல்லிய பட்டை, பின்னால் ஒரு ஸ்பிரிங். இதுதான் முனை சீல். பிஸ்டன் ரிங் சுவரை முழுப் பரப்பில் ஒட்டி உட்காரும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று இருக்கும், கீழிருந்து ஆயிலும் தெறிக்கும். முனை சீலுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே காவல் அது ஒன்றுதான். அதுவும் சுவரை ஒரு கோடாக மட்டுமே தொடுகிறது. சுற்றும்போது சுவரோடு அதன் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் சுமார் 25 பாகை, அந்தப் பக்கம் சுமார் 25 பாகை. ஆயில் கீழிருந்து வர வழியில்லாததால், எரியும் கலவையோடே கொஞ்சம் ஆயிலை அனுப்பி எரிக்க வேண்டும். தண்டு நிமிடத்துக்கு 5500 சுற்று சுற்றும்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், சீல் சுவரில் விநாடிக்குச் சராசரியாக 20 மீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு போகிறது.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான பாதையில் சுழற்சியின் விசை சீலைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். அறையின் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் மட்டும் சுவர் உள்ளே வருவதால் அந்த விசை தலைகீழாகி, சீலைச் சுவரிலிருந்து விலக்கப் பார்க்கும். அங்கே அதைப் பிடித்து வைப்பது பின்னாலுள்ள ஸ்பிரிங்கும் வாயுவின் அழுத்தமும்தான். அந்தப் பிடி தளர்ந்தால் சீல் துள்ளத் தொடங்கும். கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கோடு விழாமல் புள்ளி புள்ளியாகத் துள்ளுமே, அதே இயக்கம்தான். சுவரில் வரிவரியாகத் தழும்பு விழும். இந்த இன்ஜினுக்கு உரிமம் வாங்கிய ஜப்பானின் மஸ்டா பொறியாளர்கள் இதற்கு 'பிசாசின் நகக் கீறல்' என்று பெயர் வைத்தார்கள்.

ரோ 80இல் தொல்லை வந்த விதம் கொஞ்சம் வேறு. முனை சீல் வாயுவை மேல்சுவரில் மட்டும் தடுத்தால் போதாது, இரு பக்கச் சுவர்களிலும் தடுக்க வேண்டும். அதனால் அதை மூன்று துண்டாகச் செய்தார்கள். நடுவில் நீளமான ஒன்று, இரு ஓரத்திலும் சின்னத் துண்டுகள். மூன்றுக்கும் ஒரே உலோகம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது நடுத்துண்டு மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்தது. அது தேய்ந்ததும் ஓரத் துண்டுகள் ஆட இடம் கிடைத்தது. வாயு கசிந்தது. கலவை அழுத்தப்படும் அளவு, அதாவது கம்ப்ரஷன், குறைந்தது. கார் காலையில் கிளம்ப மறுத்தது, இழுவை போனது, கடைசியில் இன்ஜினே போனது. நெடுஞ்சாலையில் ஒரே சூட்டில் மணிக்கணக்கில் ஓடும் காரில் இது தலைகாட்டுவது குறைவு. கடைக்குப் போய் நிறுத்தி, பள்ளிக்கூடத்துக்குப் போய் நிறுத்தி, ஒரு நாளைக்கு நாலு முறை குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் குடும்பக் காரில்தான் சீக்கிரம் வந்தது. 50,000 கிலோமீட்டரைத் தொடாமலேயே பல இன்ஜின்கள் விழுந்தன.

இன்ஜினின் அமைதியும் அதற்கு எதிரியானது. வழக்கமான இன்ஜின் அதிக வேகத்தில் அதிர்ந்து, அலறி, ஓட்டுபவரை எச்சரிக்கும். இது மெதுவாகச் சுற்றினாலும் வெறியோடு சுற்றினாலும் ஒரே மாதிரி. சுற்றைக் காட்டும் முள் சிவப்பு எல்லைக்குள் போனது தெரியாமலேயே ஓட்டினார்கள். 1971இல் சுற்று எல்லை தாண்டினால் ஒலியெழுப்பும் எச்சரிக்கையைப் பொருத்த வேண்டியதாயிற்று.

கம்பெனி நடந்துகொண்ட விதத்தை நான் மதிக்கிறேன். வாரண்டியில் தர்க்கம் பண்ணவில்லை. கெட்ட இன்ஜினுக்குப் பதிலாகப் புதிய இன்ஜினைத் தாராளமாகக் கொடுத்தார்கள். எதிரெதிரே வரும் ரோ 80காரர்கள் வணக்கம் சொல்ல விரல்களை உயர்த்திக் காட்டுவார்கள், எத்தனை விரலோ அத்தனை இன்ஜின் மாற்றியாயிற்று என்று அர்த்தம் என ஒரு கதை ஜெர்மனியில் உண்டு. ஆனால் சின்னக் கம்பெனியின் கஜானா அந்தத் தாராளத்தைத் தாங்கவில்லை. 1969இல் ஃபோக்ஸ்வாகன் அதை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த ஆட்டோ யூனியன் என்ற கார் கம்பெனியோடு இணைத்து 'ஆடி என்.எஸ்.யூ. ஆட்டோ யூனியன்' ஆக்கியது. வாங்கெல் உரிமத்தில் வரும் பணத்தில் மட்டும் பழைய பங்குதாரர்களுக்குத் தனிப் பங்குரிமை கொடுத்தார்கள். மெர்சிடிஸ், ஜெனரல் மோட்டார்ஸ், மஸ்டா என்று பெரிய பெயர்களெல்லாம் உரிமம் வாங்கிய இன்ஜின் ஆயிற்றே.

நடுத்துண்டை மட்டும் வேறு கடினப் பொருளில் செய்ததும் தேய்மானம் கட்டுக்குள் வந்துவிட்டது. எழுபதுகளின் ரோ 80 முதல் வருஷங்களின் ரோ 80 அல்ல. ஆனால் கெட்ட பெயர் ஏற்கெனவே ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பழைய கார்களை வைத்திருந்த சிலர் வாங்கெல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபோர்டின் வி4 இன்ஜினைப் பொருத்திக்கொண்டார்கள். எவ்வளவு சத்தம், எவ்வளவு அதிர்வு! அந்தக் காருக்கு அது பெரிய தண்டனை.

சீலைத் திருத்தினாலும் திருத்த முடியாதது ஒன்று இருந்தது. எரியும் அறை நீளமாக, மெல்லிசாக, நகர்ந்துகொண்டே இருக்கிறது. வெப்பத்தில் ஒரு பெரும்பங்கைச் சுவர் உறிஞ்சிவிடும். ஓரங்களுக்குத் தீ போய்ச் சேர்வதற்குள் அணைந்து, கொஞ்சம் பெட்ரோல் எரியாமலேயே வெளியேறும். ரோ 80 லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது இதற்குப் பதில் சொல்ல யாரிடமும் வழியில்லை. மெர்சிடிஸும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒதுங்கிக்கொண்டன. பிரான்ஸின் சிட்ரோயென் கம்பெனி, தான் விற்ற சில நூறு வாங்கெல் கார்களையும் திரும்ப வாங்கி அழிக்க முயன்றது. ரோ 80 பத்து வருஷத்தில் 37,000க்குச் சற்று மேல்தான் தயாரானது.

என்.எஸ்.யூ. அவசரப்பட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பெரிய கம்பெனிகளோடு மோத அதனிடம் இருந்த ஒரே ஆயுதம் இந்த இன்ஜின். இன்னும் மூன்று வருஷம் சோதிக்கக் காசு இல்லை என்பதே என் எண்ணம். மஸ்டாவின் கதை இதற்கு நல்ல ஒப்பீடு. 1961இல் உரிமம் வாங்கிய ஹிரோஷிமா கம்பெனி, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் ஒரு குழுவை இதற்கென்றே ஒதுக்கியது. கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் வரும்வரை விடவில்லை. ரோ 80 வந்த அதே 1967இல் காஸ்மோ ஸ்போர்ட்டை வெளியிட்டது. 1991இல் நான்கு ரோட்டார் காரோடு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது.

நெக்கர்சுல்ம் தொழிற்சாலையையும் 1975இல் மூடப் பார்த்தார்கள். தொழிலாளர்கள் ஹைல்பிரான் நகரத்துக்கு ஊர்வலமாக நடந்தே போய்ப் போராடினார்கள். ஆலை பிழைத்தது. போர்ஷே 924 அங்கே தயாரானது. இன்றும் அங்கிருந்து ஆடி கார்கள் வருகின்றன. 1982இல் வந்த ஆடி 100 காரின் வழுவழுப்பான உடலைப் பார்க்கிறவர்களுக்கு ரோ 80 நினைவுக்கு வராமல் போகாது. ஆடி 100இன் காற்றுத்தடைக் குணகம் 0.30. ஆடியின் பெயரை உயர்த்திய கார்களில் அதுவும் ஒன்று. மூன்று வருஷம் கழித்து கம்பெனி தன் பெயரை வெறும் 'ஆடி' என்று சுருக்கிக்கொண்டது.

வாங்கெல் இன்ஜினோ இன்னும் சாகவில்லை. 2023இல் மஸ்டா தன் எம்.எக்ஸ்-30 மின்சாரக் காரில் ஒற்றை ரோட்டார் இன்ஜின் ஒன்றை வைத்தது. சக்கரத்தைச் சுற்றுவது அதன் வேலை அல்ல, பேட்டரிக்கு மின்சாரம் தயாரிப்பது மட்டும்தான். அதிலும் பொறியாளர்கள் மாற்றியவற்றில் ஒன்று முனை சீல்: 2 மில்லிமீட்டராக இருந்த அதன் தடிமனை 2.5 ஆக்கினார்கள்.