மிடிக் கோப்பை ஒலிப்பதிவாக்கும்போது தொலைந்துபோகும் கமகம்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலையில் பரிசளிப்பு விழா நெருங்குகிறது. சங்கீத ஆசிரியை குழுப்பாடலுக்கான பின்னணி இசையைக் கீபோர்டில் அமைத்து, மிடிக் கோப்பாகப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறார். சவுண்ட்ஸ்காரர் அதை மிக்ஸரில் செருகினால் ஒரு சத்தமும் வராது. கோப்பைத் திறந்து பார்த்தால் 40 கேபி. பெயரின் பின்னொட்டை எம்பி3 என்று மாற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

மிடிக் கோப்பில் ஒலி என்று எதுவும் இல்லை. எந்தச் சுரம் எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தோடு, எப்போது விடப்பட்டது, எந்த வாத்திய எண்ணில் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. அதனால்தான் 4 நிமிடப் பாட்டு சில பத்து கேபியில் அடங்குகிறது. அதே பாட்டு 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாக மாறினால் ஏறக்குறைய 42 எம்பி வரும். குறிப்பை வாசித்து ஒலியாக்குவது இன்னொரு கருவியின் வேலை. அந்தக் கருவி மாறினால் பாட்டின் குரலே மாறிவிடும்.

விண்டோஸில் இரண்டு முறை சொடுக்கிக் கேட்டுவிட்டு "மிடி என்றால் பொம்மைச் சத்தம்தான்" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். விண்டோஸோடு வரும் ஒலித்தொகுப்பின் அளவே ஏறக்குறைய 3 எம்பிதான். அதை வைத்து எந்த இசையையும் எடைபோட வேண்டாம். சவுண்ட்ஃபொன்ட் என்னும் ஒலித்தொகுப்பு ஒன்றைத் தனியாக இறக்குங்கள். ஜெனரல்யூசர் ஜிஎஸ் சுமார் 30 எம்பி, ஃப்ளூயிட் ஆர்3 சுமார் 140 எம்பி, இரண்டும் இலவசம். போன் டேட்டாவில் இறக்குகிறவர்களுக்கு முதலாவதே தாராளமாகப் போதும்.

மாற்றுவதற்கு எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருள் நல்லது. முதலில் செட்டிங்ஸில் இயல்புநிலை சவுண்ட்ஃபொன்ட் எது என்று காட்டிவிட்டு, அதன் பிறகே மிடியை இம்போர்ட் செய்யுங்கள். இந்த வரிசை தவறினால் டிராக்குகள் எல்லாம் திரையில் தெரியும், சத்தம் வராது. எக்ஸ்போர்ட் பெட்டியில் வேவ், 44,100, 16 பிட் என்று தெரியுங்கள். காணொளிக்கு என்றால் 48,000. "லூப்பாக எக்ஸ்போர்ட் செய்" என்ற குறி விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கடைசிச் சுரத்தின் எதிரொலி கத்தரித்ததுபோல் நின்றுவிடும்.

ஸ்பீக்கரில் பாடவிட்டு, கணினியின் ஸ்டீரியோ மிக்ஸில் பதிவுசெய்யும் பழைய வழியை விட்டுவிடுங்கள். இடையில் வருகிற அறிவிப்பு மணியும் பதிவாகும், நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போகும். எக்ஸ்போர்ட் முறையில் கணினி நேரடியாகக் கோப்பை எழுதுவதால் இந்த ஆபத்துகள் குறைவு. ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் பழகிய பதிப்புகள் மிடியைத் திரையில் காட்டும், ஆனால் எக்ஸ்போர்ட் செய்யும்போது அதைச் சேர்ப்பதில்லை. மௌனமான எம்பி3 கிடைத்துத் திகைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எங்கள் இசைக்கு மிகப் பெரிய இழப்பு கமகத்தில்தான், அதாவது சுரத்தை வளைத்தும் அசைத்தும் இசைப்பதில்தான், நடக்கிறது. கீபோர்டின் சக்கரத்தைத் தள்ளிச் சுரத்தை வளைக்கும்போது, மிடியில் 0 முதல் 16,383 வரை ஓர் எண் பதிவாகிறது; நடு 8,192. அந்த எண் எத்தனை அரைச்சுரத்தைக் குறிக்கிறது என்பது அதில் இல்லை, அது வேறு செய்தி. அந்தச் செய்தி இல்லாவிட்டால் பெரும்பாலான கருவிகள் இரு பக்கமும் 2 அரைச்சுரம் என்றே எடுத்துக்கொள்ளும். கீபோர்டில் வளைவின் வீச்சை 12 ஆக வைத்து ச-விலிருந்து ப-வுக்கு ஒரு ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) இழுத்திருந்தால், கணினியில் அது ஓர் அரைச்சுரத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடும். ராகம் கலைந்துபோகும். வாசித்தவர் மேல் ஒரு பிழையும் இருக்காது. கோப்பின் தொடக்கத்தில், அந்த வாத்தியத்துக்கான சானலில் (மிடிச் செய்திகள் செல்லும் தனி வழியில்), கட்டுப்பாட்டு எண் 101-க்கு 0, 100-க்கு 0, பிறகு 6-க்கு 12 என்று எழுதினால் சரியாகும். எல்எம்எம்எஸ்ஸில் அந்த டிராக்கின் பிட்ச் ரேஞ்சையும் பாருங்கள்.

இன்னொன்று: வளைவு தனிச் சுரத்துக்கு அல்ல, முழுச் சானலுக்கும் பொருந்தும். கமகத்தோடு வரும் மெட்டைத் தனிச் சானலில் வையுங்கள். கோர்டுகளும் அதே சானலில் கிடந்தால் அவையும் சேர்ந்து வழுக்கும். மியூஸ்கோர் என்ற சுரத்தாள் மென்பொருளில் மிடியை ஏற்றினால் அது சுரத்தாளாக மாற்றி, நேரத்தை ஒழுங்குபடுத்தி, வளைவுகளை விட்டுவிடும். தேவாலயப் பாடகர் குழாமின் ஓர்கன் இசைக்கு அது பரவாயில்லை. கீர்த்தனைக்கு வேண்டாம்.

வாத்தியங்களின் கதை வேறு. 1991-இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாத்தியங்கள். அதில் 105 சிதார், 112 ஷெனாய். நாதஸ்வரம் இல்லை, 10ஆம் சானலின் தாள வரிசையில் மிருதங்கமும் தவிலும் இல்லை. இந்திய வாத்தியங்கள் உள்ள கீபோர்டில் அமைத்த தவிலடி, கணினியில் பேஸ் டிரம்மும் மரக்கட்டையுமாகக் கேட்பது இதனால்தான். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குப் பாட்டு அமைக்கிறவர்கள் உடுக்கையை மிடியில் தேட வேண்டாம். அதை வாசிக்கிறவரை வைத்து நேரடியாகப் பதிந்து, மேலே சேருங்கள்.

கீபோர்டின் சொந்த ஒலியே வேண்டும் என்றால், அந்தக் கீபோர்டிலேயே மிடியை ஓடவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து யுஎஸ்பி ஓடியோ இன்டர்பேஸ் வழியாகப் பதியுங்கள். மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் மோனோ, அதுவும் மெல்லிய சமிக்ஞைக்கு உரியது. கீபோர்டின் வலிமையைத் தாங்காமல் கரகரக்கும். கீபோர்ட் வொலியூம் பாதி, உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல் போதும். "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பற்றரியில் பதிந்து பாருங்கள்.

சுருதியை முடிவுசெய்த பிறகே ஒலியாக மாற்றுங்கள். 1 கட்டையில் இருக்கிற பாட்டை 5½ கட்டைக்கு ஏற்ற 8 அரைச்சுரம் வேண்டும். மிடியில் ஏற்றினால் தரம் குறையாது. எம்பி3-இல் அவ்வளவு ஏற்றினால் வாத்தியங்கள் கீச்சிடும். ஏற்றும்போது 10ஆம் சானலைத் தொடாதீர்கள். அங்கே ஒவ்வொரு விசையும் ஒரு தனித் தாளக் கருவி என்பதால், தாளமே வேறாகிவிடும்.

பாட்டின் முன்னால் ஒரு வெற்று ஆவர்த்தனம் விடுங்கள். வாத்தியம் மாற்றும் செய்திகள் அங்கே இறங்கிவிடும். வேவை அப்படியே வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் 192 கேபிபிஎஸ் எம்பி3 எடுங்கள், 4 நிமிடத்துக்கு 6 எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். மூல மிடியை அழிக்க வேண்டாம். அடுத்த வருடம் அதே பாட்டை வேறொரு பிள்ளை வேறு கட்டையில் பாடும்போது தேவைப்படுவது அந்த 40 கேபிதான்.