ஒற்றைச் சக்கரம் ஓட்டப் போகிறீர்களா? முதலில் அதைக் கீழே போடப் பழகுங்கள்

நாற்பது வயதுக்கு மேல் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும் என்றுதான் சொல்வேன். நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பைக்கில் சறுக்கியவர்கள், மாடிப்படியில் தவறியவர்கள், முட்டி தேய்ந்தவர்கள். இடையிடையே ஆன்லைனில் ஒற்றைச் சக்கரத்தை வாங்கி, வீடியோ பார்த்துப் பழகி, மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிற ஆட்களும் உண்டு. பெரும்பாலும் இவர்கள் சைக்கிளைக் காப்பாற்றப் போய் அடிபட்டவர்கள்.

காரணம் பழக்கம். வண்டி சாயும்போது ஹேண்டில்பாரை விடாமல் பிடித்து, ஒரு காலை ஊன்றி, கீறல் விழாமல் நிமிர்த்துவது நம் ஊரில் எல்லோருக்கும் கைவந்த கலை. அதே புத்தியோடு ஒற்றைச் சக்கரத்தில் ஏறினால், பிடிக்க ஹேண்டில்பாரே கிடையாது. உடனே தொடையால் சீட்டை இறுக்கி, கடைசி நொடிவரை காலைப் பெடலிலிருந்து எடுக்காமல், அப்புறம் உள்ளங்கையைத் தரையில் ஊன்றுகிறார்கள். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் என்னிடமே கேட்டார், “கீழ போட்டா உடஞ்சிரும்லா டாக்டர்?” உடையாது. அந்த சீட்டின் முன்னும் பின்னும் தடித்த பிளாஸ்டிக் வைத்திருப்பதே விழுந்து அடிபடத்தான்.

இதில் பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சோடு சேர்ந்திருக்கும். செயின் இல்லை, சாதாரணமாக பிரேக்கும் இல்லை, மிதிக்காமல் சும்மா உருளவும் செய்யாது. கால் நின்றால் சக்கரம் நிற்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும். அப்படி முன்னால் போவது நல்லதுதான், இரண்டு காலையும் கீழே வைத்து நாலு எட்டு ஓடி நின்றுகொள்ளலாம், சைக்கிள் பின்னால் விழுந்து கிடக்கட்டும். பின்பக்கம் சாய்ந்தால்தான் சிக்கல். சக்கரம் முன்னால் பறந்துவிடும், வால் எலும்பு தரையில் இடிக்கும். அதனால் ஓட்டப் பழகும் முன் இறங்கப் பழகுங்கள். ஒரு கையால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், ஒரு பெடல் கீழே இருக்கும்போது முன்பக்கமாகக் காலை வைத்து இறங்குங்கள், சைக்கிளைத் திரும்பிப் பார்க்காதீர்கள். சலித்துப்போகும்வரை இதையே செய்யுங்கள்.

பெரியவர்களிடம் நான் பார்க்கிற இன்னொரு விஷயம் விறைப்பு. பயத்தில் தொடையின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகிவிடும், முட்டி இரும்புக் கம்பி மாதிரி ஆகிவிடும். இந்த சைக்கிள் இடவலமாக மட்டுமல்ல, முன்னும் பின்னும்கூடச் சாயும் என்பதால் ஒவ்வொரு நொடியும் சின்னச் சின்னத் திருத்தம் தேவை, இறுகின கால் அதைச் செய்யாது. உடம்பின் எடை பெடலில் இல்லாமல் சீட்டில் இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே தொடை நடுங்குகிறது என்றால் நீங்கள் பெடல்மேல் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சீட் உயரத்தையும் பாருங்கள்: குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக இருக்கணும். பார்வை சக்கரத்தில் வேண்டாம், தூரத்தில் ஒரு மரத்தையோ கேட்டையோ பாருங்கள். 20 இஞ்ச் சக்கரம் போதும், நல்ல உயரமானவர் என்றால் 24. தினமும் அரை மணி நேரம் போதும். கற்றதை மூளை பதியவைப்பதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிடந்து முக்குவதில் பிரயோஜனம் இல்லை.

இடம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யார் கண்ணிலும் படக்கூடாது என்று மொட்டைமாடியில் பழகுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கைப்பிடிச் சுவர் நிற்கிற ஆளுக்கு இடுப்பளவு. சீட்டில் ஏறினால் உங்கள் இடுப்பு அந்தச் சுவருக்கு மேலே இருக்கும். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும், காலையில் மைதானத்துக்கோ பள்ளிக்கூட வளாகத்துக்கோ போங்கள். ஆனி, ஆடியில் புதிதாகத் தொடங்குவதையும் தள்ளிப்போடலாம், தென்காசிப் பக்கமும் பணகுடிப் பக்கமும் அடிக்கிற காற்றில் நடக்கிறதே பெரும்பாடு. வேட்டி, சாரம், செருப்பு கூடாது. ஷூ லேஸைச் செருகிவிடுங்கள். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள். முள் வைத்த இரும்புப் பெடல் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோலைக் கிழித்துவிடும், பிளாஸ்டிக் பெடல் போதும்.

காரணம் தெரியாத தலைசுற்றல், சர்க்கரையால் பாத மரப்பு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏற வேண்டாம்.

சரி, அடிபட்டுவிட்டது. கணுக்கால் வீங்கினால் நம்மூரில் உடனே எண்ணெய் போட்டு நீவத் தொடங்கிவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் நீவவே கூடாது, வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைப்பது, இவ்வளவுதான். நாலு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பில் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கணும். 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதி இது, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

மணிக்கட்டு இன்னும் ஏமாற்றும். கட்டைவிரலை மேல்நோக்கி விறைப்பாகத் தூக்குங்கள், அதன் அடியில் இரண்டு நரம்பு மாதிரி எழும்பி நடுவில் ஒரு குழி விழும். அந்தக் குழியில் அழுத்தினால் சுரீர் என்று வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு உடைந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமலே போவதுண்டு. “ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாவ” என்று சந்தோஷமாகத் தண்ணி வாளி தூக்கிக்கொண்டிருந்து, மாசக்கணக்கில் கழித்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது, நடுவில் உடைந்தால் மறுபாதி பட்டினி கிடக்கும், எலும்பு சேராமலே போகலாம். அதனால் வலி இருக்கும்வரை கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். இந்த எலும்பு தெளிவாகத் தெரிகிற கோணத்தில் எடுக்கிற ஸ்கேஃபாய்டு வியூ என்று ஒரு எக்ஸ்ரே தனியாக இருக்கிறது, எக்ஸ்ரேக்கு எழுதித் தருகிற தாளில் அதையும் குறிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.