மீயொலியா, கழியொலியா?

‘சிமெண்ட் சாந்தில் மீயொலி வேகச் சோதனை’ என்றொரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. படித்த நண்பர் கேட்டார்: “சாந்துக்குள்ள ஒலியைவிட வேகமா எதைப்பா அனுப்புறாங்க?” அவர்மேல் தப்பில்லை.

லத்தீனில் அல்ட்ரா என்றால் அப்பால், சோனுஸ் என்றால் ஒலி. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு அப்பாற்பட்ட ஒலிதான் அல்ட்ராசானிக். பேச்சு அதிர்வெண்ணைப் பற்றியது, வேகத்தைப் பற்றியதே அல்ல. நாமோ ஒலியை மிஞ்சிப் பறக்கும் சூப்பர்சானிக் விமானத்துக்கும் மீயொலி என்கிறோம், இதற்கும் மீயொலி என்கிறோம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இரண்டுக்கும் சூப்பர்சானிக் என்றே எழுதினார்கள். அப்புறம் பிரித்துக்கொண்டார்கள். நாம் பிரிக்கவில்லை.

இந்தச் சோதனை, துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து சாந்தின் உள்விரிசலைக் கண்டுபிடிப்பது. அதனால் குழப்பம் இரட்டிப்பாகிறது. 160 மி.மீ. நீளச் சாந்துக் கட்டை. ஒரு முனையில் அல்ட்ராசானிக் துடிப்பை அனுப்பும் தலை, மறுமுனையில் வாங்கும் தலை, காற்று புகாமல் இடையில் கிரீஸ். துடிப்பு 40 மைக்ரோநொடியில் போய்ச் சேர்ந்தால் வேகம் நொடிக்கு 4,000 மீட்டர். காற்றில் ஒலி சுமார் 340 மீட்டர்தான். ‘ஆகா, அதான் மீயொலி!’ என்று வாசகர் நினைத்தால் தீர்ந்தது கதை. கட்டையைச் சுத்தியலால் தட்டினால் காதுக்குக் கேட்கிற அந்த ஒலியும் உள்ளே ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடும். அதிர்வெண்ணைக் கூட்டுவது வேகத்துக்காக அல்ல, அலைநீளம் குறையட்டும் என்றுதான். சின்னக் கட்டைக்கு அது வேண்டும்.

கட்டுரை தேடுவது, சூட்டில் சாந்துக்கு வரும் விரிசலை. சூடேறினால் சாந்திலிருந்து முதலில் நீர் வெளியேறும். 400 டிகிரியைத் தாண்டினால் கால்சியம் ஹைட்ராக்சைடு சிதையும், 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் விரிந்து பருக்கும். உள்ளே நுண்விரிசல். துடிப்பு சுற்றி வளைத்துப் போய் 64 மைக்ரோநொடி எடுத்தால் வேகம் 2,500 மீட்டர். சுமை ஏற்றி நசுக்கிய கட்டையில் விரிசல் பெரும்பாலும் சுமையின் திசையிலேயே ஓடுவதால், குறுக்கே அளந்தால்தான் பளிச்சென்று தெரியும். இதை ‘மீயொலி வேகம் குறைந்தது’ என்று எழுதினால், ஒலியை மிஞ்சும் தகுதி போய்விட்டது என்றல்லவா ஆகிறது?

மாற்றுச் சொல்லாக ‘கேளா ஒலி’ தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதும் கேளாததுதானே. என் ஓட்டு, இலங்கைப் பாடநூல்களில் புழங்கும் ‘கழியொலி’க்கு. ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று நன்னூல் மிகுதிப் பொருளில் சொல்கிற அதே கழி. கழிதலுக்குக் கடந்துபோதல் என்ற பொருளும் உண்டு. அல்ட்ராவுக்கு இதைவிட என்ன வேண்டும்? கழி என்றதும் கழிவு நினைவுக்கு வந்து மூக்கைப் பொத்துகிறவர்கள், கழிபேருவகையையும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படிப்பார்களா?

சரி, மீயொலியைக்கூட மன்னிக்கலாம். அதே கட்டுரையில் இரண்டு பக்கம் தள்ளி, சாந்து ‘உரல்’ ஆகியிருந்தது. சாந்தைக் குறிக்கும் ஆங்கில மோர்ட்டார் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலம் இடிக்கிற உரல்தான், உண்மை. அதற்காக, 600 டிகிரியில் சுட்ட உரலில் விரிசல் தேடுகிறார்களாம்.