பி போ இல்லை, சி போ இல்லை. அப்புறம் ஏன் காமாலை?

ரங்கூனில் யாருக்காவது கண் மஞ்சளானால் அக்கம்பக்கத்தில் எழும் முதல் கேள்வி, "பி போவா, சி போவா?" என்பதுதான். போ என்றால் பர்மியத்தில் கிருமி. நம் வீட்டுத் தமிழிலும் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. கேள்வி நியாயமானதே. 2015இல் நாடு தழுவி நடந்த ஆய்வில் 6.5 சதவீதம் பேருக்குக் கல்லீரலை அழற்சியாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்தது, 2.7 சதவீதம் பேரின் இரத்தத்தில் சி வைரஸ் தொட்ட அடையாளம் இருந்தது.

என் சின்ன அத்தைக்கு இரண்டும் இல்லை. பரிசோதனைச் சீட்டில் இரண்டு இடத்திலும் நெகட்டிவ். பார்த்த டாக்டர் "ஒன்றுமில்லை" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தார். மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. நாலைந்து மாதம் கழித்து மறுபடி மஞ்சள், மறுபடி கீழாநெல்லி, மறுபடி வெளுப்பு. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அவர் கன்னம் நிறையத் தனக்கா என்ற வெளிர்மஞ்சள் மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொள்பவர். முகத்தின் மஞ்சள் எங்கள் கண்ணில் படவே இல்லை.

கடைசியில் தெரிந்த பெயர் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். கிருமியே இல்லாமல், உடம்பின் காவல் படை தன் சொந்தக் கல்லீரலைத் தாக்கும் நோய் அது. சிகிச்சை இல்லாமலே சில காலம் அடங்கும், பிறகு கிளம்பும். கீழாநெல்லிக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி, நோய் தானாக அடங்கியதால் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இது எப்படி நடக்கிறது? இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. இரவில் விருந்தாளி தங்கினால் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் நள்ளிரவில் கதவைத் தட்டிக் குடும்பப் பட்டியலைக் கேட்பார்கள். உடம்பிலும் ஓயாத சோதனைதான். ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை வாசலில் ஒரு தட்டில் வைத்துக் காட்டுகிறது. அந்தத் தட்டுக்குப் பெயர் எச்எல்ஏ. காவல் படையைச் சேர்ந்த டி செல்கள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே போகின்றன. வைரஸின் துணுக்கு தெரிந்தால் அந்த வீட்டையே இடித்துவிடும். இந்த நோயில் பட்டியலில் உள்ள வீட்டுக்காரரையே அந்நியர் என்று பிடித்துக்கொள்கின்றன. "நம்ம ஆள்தான், விடு" என்று அதட்டி நிறுத்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றின் குரலும் இங்கே எடுபடுவதில்லை.

யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம்? முதலில், பெண்களுக்கு. நோயாளிகளில் நாலில் மூன்று பேருக்கு மேல் பெண்கள். இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். நோயெதிர்ப்பு மரபணுக்கள் பல அதில்தான் உள்ளன. ஹார்மோனுக்கும் பங்கிருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் நோய் பெரும்பாலும் தணிகிறது, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் சீறுகிறது.

வயதுக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். 1950இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் இந்த நோயை விவரித்தபோது அவர் கண்ட நோயாளிகள் இளம்பெண்கள். அந்தப் படம் மருத்துவர்கள் மனத்தில் வெகுகாலம் ஒட்டிக்கொண்டது. உண்மையில் பதின்பருவத்தில் ஒரு ஏற்றம், 40 முதல் 60 வரை இன்னொரு ஏற்றம். அறுபதைத் தாண்டியவர்களும் கணிசம், ஆண்களும் உண்டு. இந்த நோயில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் வகை பெரும்பாலும் குழந்தைகளிடம் வருவது. அதில் எதிர்ப்பொருள், அதாவது அந்நியரைப் பிடிக்கக் காவல் படை செய்யும் புரதம், குறிவைப்பது, மருந்துகளைச் சிதைக்கும் சிப்2டி6 என்ற கல்லீரல் நொதியை. அந்த நொதியின் ஒரு துண்டும் சி வைரஸின் ஒரு துண்டும் சாயலில் ஒன்றுபோல இருக்கும். அதனால் சி போ உள்ள சிலரிடமும் இந்த எதிர்ப்பொருள் தென்படுகிறது.

எனக்கு இன்றும் உறுத்துவது அடுத்த விஷயம். தைராய்டு, முதல் வகைச் சர்க்கரை, வெண்புள்ளி, முடக்குவாதம், பெருங்குடல் புண் அழற்சி ஆகியவை இந்த நோயின் சொந்தக்காரர்கள். நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இவற்றைப் போன்ற ஒன்று கூடவே இருக்கும். அத்தை பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். வயது 52. பெண். மூன்று குறிப்பும் முகத்துக்கு நேரே நின்றன, யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மரபணுவும் உண்டு, ஆனால் விதி மாதிரி இல்லை. வாசல் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். வட ஐரோப்பாவில் டிஆர்3, டிஆர்4 என்று பெயரிட்ட வடிவத் தட்டு உள்ளவர்களுக்கும், ஜப்பானில் டிஆர்4 உள்ளவர்களுக்கும், தென் அமெரிக்காவில் டிஆர்13 உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்தத் தட்டு இருந்தும் நோய் வராதவர்களே மிக அதிகம். ஐரோப்பாவிலேயே ஒரு லட்சம் பேரில் 10 முதல் 25 பேருக்குத்தான் இந்த நோய் இருக்கிறது.

ஆக, பொறி தட்ட ஏதாவது வேண்டும். சிலருக்கு ஒரு வைரஸ் காய்ச்சல். சிலருக்கு மருந்து: முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோபியூரன்டாயின். சீட்டில்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் பழகிய ஊர் இது என்பதால் சொல்கிறேன். மூலிகையும் விலக்கல்ல. கோவிட் காலத்தில் இந்தியாவில் சீந்தில் கஷாயம் குடித்த பலருக்கு இதே சாயலில் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சமையல் மஞ்சளின் சாரத்தை அடர்த்தியாக்கிச் செய்யும் மாத்திரைகள் மீதும் புகார் உண்டு. குழம்பில் போடும் மஞ்சள் பாவம், அதை விட்டுவிடலாம்.

கண்டுபிடிக்கத் துப்புகள் சில: கல்லீரல் செல் சிதையும்போது இரத்தத்தில் கசியும் ஏஎல்டி நொதி ஏறியிருப்பது, ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் வகையின் அளவு கூடியிருப்பது, சொந்தச் செல்லின் உட்கருவையே குறிவைக்கும் ஏஎன்ஏ போன்ற எதிர்ப்பொருள்கள். உறுதி செய்யக் கல்லீரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுக்க வேண்டும். கண்டுபிடிக்கும்போதே மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் தழும்பேறி இறுகியிருக்கும். அதற்காகக் கைவிடத் தேவையில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிரைக் காக்கிறது என்று 1970களின் தொடக்கத்திலேயே லண்டனிலும் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலும் நடந்த சோதனைகள் காட்டின. இன்றும் அதுவும் அசாதயோபிரினும்தான் முக்கிய மருந்துகள். பர்மாவில் கூடுதல் எச்சரிக்கை ஒன்று வேண்டும்: இவை காவல் படையை அடக்குபவை, ஆகவே உள்ளே பி போ பதுங்கியிருந்தால் அது எழுந்துகொள்ளும். முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டீராய்டு.

அத்தை இப்போது தேறிவிட்டார். அவர் மகள் போன மாதம், "எனக்கும் வருமாண்ணே?" என்று கேட்டாள். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் மிகச் சிறியது. அறிகுறி இல்லாத உறவினரை எல்லாம் பிடித்துச் சோதிப்பதில்லை என்றேன். அப்புறம், பி போ தடுப்பூசி போட்டாயா என்று கேட்டேன். போடவில்லையாம்.