வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது மாடு இல்லை

மே மாதம் இரண்டாவது வாரம். ஓஹாயோ மாநிலத்தில் ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் மக்காச்சோளம் விதைக்கிற நேரம். திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ஆமிஷ் விவசாயி (வயலில் டிராக்டர் வேண்டாம் என்று குதிரை பூட்டி உழுகிற கிறிஸ்தவ சபைக்காரர்) கால்நடை டாக்டரான என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டுக்குள் போன் கிடையாது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து சாலையோரத்தில் ஒரு சின்னக் கொட்டகை போட்டு அதில் போன் வைத்திருக்கிறார்கள். அங்கே வரைக்கும் நடந்து வந்து ஒருவர் கூப்பிடுகிறார் என்றால் விஷயம் சின்னது இல்லை.

"பாப் நடக்கமாட்டேன் என்கிறான். காலையில் ஒரு மணி நேரம் நிலத்தில் ஓட்டினேன், வியர்த்துக் கொட்டி நின்றுவிட்டான். அவிழ்த்துக் கட்டினேன். இப்போது கொட்டகையை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை."

பாப் ஒரு பெல்ஜியன் குதிரை. வயது ஒன்பது, எடை 900 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. திங்கட்கிழமை என்றதும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன். போய்ப் பார்த்ததும் வாசலிலேயே தெரிந்துவிட்டது. முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்புப் பாரத்தைப் பின்னால் சாய்த்து, சுடுமணலில் நிற்பவன் மாதிரி நிற்கிறான். குளம்பைத் தொட்டால் சூடு. குளம்புக்கு மேலே நாடி விண்விண்ணென்று துடிக்கிறது. சாணியில் புளித்த வாடை. லேமினைட்டிஸ். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் சதையடுக்கு வெந்துபோவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தானியம் எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்றேன். "நேற்று ஞாயிற்றுக்கிழமை இல்லையா, பாதி ஓட்ஸ்தான்" என்றார். பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லை. அரை மணி நேரம் கழித்து அவருடைய பையன் சாலையோர வாய்க்காலிலிருந்து ஒரு காலிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். 50 பவுண்டு மக்காச்சோளச் சாக்கு, மானுக்குப் போடுவதற்காகக் கடைகளில் விற்பது. ஏறக்குறைய 23 கிலோ.

இரண்டு நாள் கழித்துத் தமிழ் வாட்ஸ்அப் குழு ஒன்றில் எனக்கு ஒரு வீடியோ வந்தது. குழந்தைகள் வேலி மேலே சாக்கைச் சாய்க்கிறார்கள், பின்னால் ஒரு பெரியம்மா குரல்: "போடுடா கண்ணு, வாயில்லா ஜீவன், புண்ணியம்." அந்தச் சிவப்புக் களஞ்சியமும் வெள்ளை வேலியும் எனக்கு நன்றாகத் தெரியும். கீழே முப்பது இதயம். யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் பதினொரு வருஷமாக இந்த ஊரில் பெரிய கால்நடைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன், வேலியோர விருந்தால் படுத்த குதிரைகளை எண்ணுவதையே விட்டுவிட்டேன். வெள்ளைக்காரர்களும் செய்கிறார்கள், எல்லாரும் செய்கிறார்கள். நம்மவர்களுக்கு எழுத என்னால் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

சரி, அந்தப் புண்ணியத்திலிருந்தே ஆரம்பிப்போம். அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். எச்சில்படாத சோறு, வாழைப்பழத்தோல், காய்கறி நறுக்கல் எல்லாம் மாட்டுக்குப் போகும். அதனால் நான்கு காலில் நின்று புல் மேய்வதெல்லாம் மாடு என்று மனதில் பதிந்துவிட்டது. குதிரையும் புல்தானே தின்கிறது, பழம் கொடுத்தால் என்ன, சோளம் கொடுத்தால் என்ன என்று படித்தவர்களே கேட்கிறார்கள். குதிரை மாடு இல்லை. திரும்பவும் சொல்கிறேன், குதிரை மாடு இல்லை.

மாட்டுக்கு வயிறு நான்கு அறை. முதல் அறையே ஒரு பெரிய தொட்டி. தின்றதை அதில் ஊறவைத்து, திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து, ஆற அமர அசைபோட்டு, நுண்ணுயிர்களிடம் பாதி வேலையைக் கொடுத்துவிட்டுத்தான் மீதிச் செரிமானம். குதிரைக்கு அந்தத் தொட்டி கடைசியில் இருக்கிறது, பெருங்குடலில். முன்னால் இருக்கிற வயிறு ஒரே அறை. 900 கிலோ உடம்புக்கு அது ஒரு வாளிதான். அசைபோடாது. இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் வயிற்றில் சேரும் இடம் அவ்வளவு இறுக்கமான ஒருவழிப் பாதை. நாய் கண்டதைத் தின்றால் கக்கிவிட்டுப் போய்விடும். குதிரை உள்ளே விட்டது உள்ளேதான். ஒன்று செரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கிழிய வேண்டும். கிழிந்து பார்த்திருக்கிறேன்.

புல்லும் உலர்புல்லும் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் இந்த ஏற்பாடு அருமையாக ஓடும். ஒரே மூச்சில் ஒரு மூட்டைத் தானியம் போனால் சிறுகுடலால் முடியாது. மாவுச்சத்து அப்படியே பெருங்குடலுக்கு வழிந்து அங்கே புளிக்கும். அதில் கிளம்பும் நஞ்சு ரத்தத்தில் கலந்து குளம்பு வரைக்கும் போகும். மீதியைக் குளம்பு சொல்லும். ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து.

அந்த இடைவெளிதான் கொடுமை. கொடுத்தவர்கள் அந்தக் குதிரை ஆனந்தமாகத் தின்றதை மட்டும் பார்த்துவிட்டுக் கொலம்பஸுக்கோ கிளீவ்லண்டுக்கோ வீடு திரும்பியிருப்பார்கள். "நாங்க போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். ஆமாம், நன்றாகத்தான் இருந்திருக்கும்.

(மாட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். சர்க்கரைப் பொங்கலும் சோறும் வயிறு முட்டத் தின்றுவிட்டு அமிலம் ஏறிப் படுத்த மாடுகள். பாசத்தால் வருகிற நோய் எல்லாக் கால்நடைக்கும் உண்டு. குதிரைக்கு விலை அதிகம், அவ்வளவுதான்.)

"குதிரைக்குக் கொள்ளுதானே சாப்பாடு" என்று சிலர் கேட்பார்கள். நம் ஊரில் அளந்து, ஊறவைத்து, வேலைக்கு ஏற்றபடி கொடுத்தார்கள். இங்கேயும் அதே கணக்குதான், பண்டம் மட்டும் வேறு. குதிரைமசாலும் (அல்ஃபால்ஃபா என்கிற தீவனப் பயிர்) புல்லும் கலந்த உலர்புல் நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ. உழவு நாளில் சொந்த நிலத்து ஓட்ஸ் அல்லது ஸ்பெல்ட் கோதுமை அளவாக, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. வேலை இல்லாத நாளில் அதைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் குறைக்கிறார்கள் என்பது ஒரு பழைய கதை. ஆறு நாள் உழைத்த குதிரை ஞாயிறு சும்மா நின்று முழுத் தானியம் தின்றால், திங்கள் காலை ஏரில் பூட்டிய கொஞ்ச நேரத்தில் தொடைச் சதை கல்லாக இறுகி, காபி நிறத்தில் மூத்திரம் போய், விழுந்துவிடும். டிராக்டர் வருவதற்கு முந்தைய காலத்தில் இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர். பாப் விஷயத்தில் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான். 2008-இல் இதில் ஒரு வகைக்குக் காரணமான மரபணுக் கோளாற்றைக் கண்டுபிடித்தார்கள். சர்க்கரையைத் தசையில் அளவுக்கு மீறிச் சேர்த்துவைக்கும் கோளாறு. பெல்ஜியன், பெர்ஷெரான் போன்ற கனத்த இழுவை இனங்களில் இது ரொம்பச் சகஜம். அமெரிக்க பெல்ஜியன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. மரபணு என்ற வார்த்தையே தெரியாத தாத்தாக்கள் ஞாயிற்றுக்கிழமை தானியத்தைக் குறைத்தார்கள். அந்த ஒரு நாள்தான் நாம் சுற்றுலாவுக்குப் போய்ச் சாக்கை அவிழ்க்கிறோம்.

அன்றைக்கு வீட்டில் பெரும்பாலும் யாரும் இருக்கவும் மாட்டார்கள். ஆமிஷ் மக்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டிலோ களஞ்சியத்திலோ கூடி மூன்று மணி நேரம் வழிபாடு, அப்புறம் எல்லாருக்கும் அங்கேயே சாப்பாடு. திரும்பி வரும்போது மதியம் தாண்டியிருக்கும். சோளத்தைச் சுத்தமாக நக்கித் தின்றுவிட்டுக் குதிரை ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

இந்தக் குதிரைகள் அவர்களுக்கு என்ன என்று புரிந்தால் கை கொஞ்சம் தயங்கும் என்று நினைக்கிறேன். "முன்னூறு வருஷம் பின்தங்கிய ஜனங்கள்" என்று வேனில் இருந்து கைகாட்டிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அபத்தம். அவர்கள் கொட்டகையில் டீசல் என்ஜின் ஓடும், பால் குளிரூட்டப்பட்ட தொட்டியில் நிற்கும். உலர்புல் கட்டும் மிஷின் மேலேயே என்ஜின் இருக்கும், அந்த மிஷினை மட்டும் குதிரை இழுக்கும். எதை அனுமதிப்பது, எதை வேண்டாம் என்பது என்று ஒவ்வொரு சபையும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறது. அந்த ஒழுங்குக்கு அவர்கள் மொழியில் ஆர்ட்னுங் என்று பெயர். வயலில் டிராக்டர் வேண்டாம் என்பது அதில் ஒன்று. காரணம் எளிது. நடந்து உழும் ஏரில் இரண்டு குதிரை பூட்டினால் நாளுக்கு இரண்டு ஏக்கர் தாண்டாது. மூன்று, நான்கு என்று பூட்டினால் இன்னும் கொஞ்சம். ஆக ஒரு குடும்பம் எண்பது ஏக்கருக்கு மேல் ஆசைப்பட முடியாது. பக்கத்து நிலத்தை விழுங்க முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் பக்கத்திலேயே இருப்பார், ஜூலையில் ஓட்ஸ் கதிரடிக்க வந்து நிற்பார். குதிரை அந்த ஊரின் எல்லைக்கல்.

அதே குதிரை விழுந்தால் விதைப்பு நிற்கும். பழகிய நல்ல பெல்ஜியன் ஜோடி பத்தாயிரம் டாலருக்கு மேல் போகிறது. பாப் விஷயத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு, யாரும் கேட்காமலே, பக்கத்துப் பண்ணைக்காரர் தன் ஜோடியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டிவிட்டுப் போனார்.

யார் செய்தார்கள் என்று விசாரிக்கக்கூட அந்த விவசாயி விரும்பவில்லை. வீடியோ இருக்கிறது என்று நான் சொன்னபோது வேண்டாம் என்று தலையாட்டினார். வழக்குப் போடுவது அவர்கள் வழக்கம் இல்லை, கோபித்துப் பேசுவதும் இல்லை. அதனால்தான் உங்கள் காதுக்கு எதுவும் வருவதில்லை.

வேலியோரம் எதுவும் போடாதீர்கள். ஒரு கேரட் என்றால் கூட. உங்களுக்கு அது ஒன்று, அதே ஞாயிறு உங்களுக்குப் பின்னால் நாற்பது வண்டி வருகிறது. சரியாக மெல்லாத ஆப்பிள் தொண்டையில் சிக்கி, மூக்கு வழியாக நுரை தள்ளிய குதிரையை வருஷத்துக்கு நான்கைந்து பார்க்கிறேன். ரொட்டி, பிஸ்கட், முறுக்கு கூடவே கூடாது. (ஆமாம், முறுக்கு.) வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய புல், செடி நறுக்கலைக் கொண்டுவந்து போடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இங்கே வீட்டு வாசலில் வேலியாக வளர்க்கும் யூ செடி ஒரு கைப்பிடி உள்ளே போனால் நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்குள் குதிரை செத்திருக்கும். செம்மேப்பிள் மரத்தின் வாடிய இலை ரத்தத்தையே உடைக்கும். இந்த ஊர் மரச்சாமான்களுக்குப் பேர்போனது. கருப்பு வால்நட் மரத்தூளைக் குதிரைக்குப் படுக்கையாக விரித்தாலே குளம்பு போகும் என்று இங்கே பட்டறைப் பையனுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத செடி என்றால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

சாலையில் குதிரை வண்டிக்குப் பின்னால் ஹாரன் அடிக்காதீர்கள். அது மணிக்கு எட்டு மைல் போகும், நீங்கள் அவசரப்பட்டால் ஒன்பது போகாது. மேட்டில் முந்தாதீர்கள். ஹோம்ஸ் கவுண்டி முழுக்க மேடுதான். ஆட்களை முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள், அவர்கள் நம்பிக்கைக்கு அது விரோதம். இதை எத்தனை முறைதான் சொல்வது.

அப்புறம், யூடியூப் பார்த்துவிட்டு "டாக்டர், அஞ்சு ஏக்கர் வாங்கி ஒரு ஜோடி பெல்ஜியன் வெச்சு இயற்கை விவசாயம் பண்ணலாம்னு இருக்கேன், டீசல் மிச்சம்" என்று கேட்பவர்களுக்கு: உங்கள் ஐந்து ஏக்கர் அந்த ஜோடிக்குத் தீனிக்கே காணாது. முதலில் ஒரு வருஷம் ஒருவர் பண்ணையில் சாணி அள்ளுங்கள். பிறகு பேசுவோம்.

பாப் பதினோராவது நாள் போனான். எக்ஸ்ரேயில் எலும்பு சுழன்று உள்ளங்குளம்பைத் தொட்டிருந்தது. முதல் மூன்று இரவும் அந்த வீட்டுப் பையன்கள் லாந்தர் வெளிச்சத்தில் வாளி வாளியாக ஐஸ் கொண்டுவந்து காலைச் சுற்றி வைத்துக்கொண்டே இருந்தார்கள். டிக், அவனுடைய ஜோடி, பிழைத்துக்கொண்டான். பாப் முரடன், தின்னும்போது இன்னொருவனை அண்டவிடமாட்டான். டிக்குக்கு மிச்சம்தான் கிடைத்திருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கெஞ்சியே கேட்கிறேன். தெரியாமல் போட்டுவிட்டீர்கள், அல்லது உங்கள் குழந்தை போட்டுவிட்டது என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆள் இல்லாவிட்டால் என்ன போட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் செருகுங்கள். திட்டமாட்டார்கள். ஞாயிறு மதியமே தெரிந்திருந்தால் மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றைக் கழுவியிருப்பேன். குளம்பு சூடாவதற்கு முன்னாலேயே காலை ஐஸில் நிறுத்தியிருப்பேன். திங்கள் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனபோது என்னிடம் இருந்தது வலி ஊசியும் எக்ஸ்ரே பெட்டியும்தான்.