‘வழுக்கி விழுந்துட்டார்’ என்று சொல்லிவிடாதீர்கள்

விழுப்புரம் பக்கம் மோட்டார் வாகன விபத்து வழக்குகள் நடத்தி வருகிறேன். கட்சிக்காரர்கள் பெரும்பாலும் விபத்து நடந்து மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் என்னிடம் வருவார்கள். அதற்குள் பாதி வழக்கு முடிவாகியிருக்கும். முதல் நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் யாரோ சொன்ன ஒரு வரியால்.

ஒரு கொத்தனார். வயது 38. வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. வலது முழங்கால் எலும்பு நொறுங்கிப்போனது. கார்க்காரர் ஓடிப்போகவில்லை. தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, இருபதாயிரம் முன்பணமும் கட்டினார். அப்புறம் கொத்தனாரின் மைத்துனரைத் தனியாகக் கூப்பிட்டு, “கேஸெல்லாம் எதுக்குண்ணா, முழுச் செலவையும் நான் பாத்துக்கறேன்” என்றார். மைத்துனருக்கும் அவர் நல்ல மனிதராகவே தெரிந்தார். எப்படி அடிபட்டது என்று டூட்டி டாக்டர் கேட்டபோது, “பைக்ல வரும்போது வழுக்கி விழுந்துட்டாருங்க” என்று சொல்லிவிட்டார்.

பதினெட்டாம் நாள் பில் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. கார்க்காரரின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

மைத்துனர் சொன்ன வரி ஏ.ஆர். என்று நாங்கள் சொல்லும் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருந்தது. யார் கொண்டு வந்தார்கள், எத்தனை மணிக்கு, எங்கே எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள், மது வாடை இருந்ததா என்று எல்லாம் அதில் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வழக்குக் கட்டைப் பிரித்ததும் முதலில் தேடுவது அந்த ஒரு தாளைத்தான். கொத்தனார் வழக்கில் எஃப்.ஐ.ஆர். போட்டது இருபத்துமூன்று நாள் கழித்து. “ஏ.ஆரில் தானே விழுந்ததாக இருக்கிறது. அப்புறம் கார் எங்கிருந்து வந்தது?” என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்?

ஆகவே ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் எண்ணைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அடையாளம் தெரியாத கார் என்று சொன்னால் போதும். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால், வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் மறுநாள் காலையிலேயே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். தவறு இருந்தால் போலீஸ் வாக்குமூலத்திலாவது உடனே சரியாகப் பதிவாகட்டும். அன்று “ஒண்ணுமில்ல” என்று வீட்டுக்குப் போய், இரண்டாம் நாள் கழுத்து வலி, வாந்தி என்று ஆரம்பித்தால் தாமதிக்காமல் ஜி.எச்.சுக்குப் போய்க் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். உடம்புக்கும் அதுதான் நல்லது.

கார்க்காரரின் தயவும் தேவையில்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஒவ்வொரு வண்டிக்கும் சட்டப்படி கட்டாயம். இழப்பீட்டைக் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. நண்பர் ஓட்டிய காரில் போய் அடிபட்டவர்கள், “மச்சான் மேலயே எப்படி சார் கேஸ் போடறது?” என்று தயங்குவார்கள். அவர் காருக்கு முழு பாலிசி இருந்தால் உள்ளே பயணித்தவர்களுக்கும் அது பொருந்தும். வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால்தான் சிக்கல். பாலிசியைப் பார்த்துவிட்டு மச்சானிடம் பேசுங்கள்.

ஆரம்பச் செலவுக்கு வழி இருக்கிறது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். வருமான வரம்பு கிடையாது, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது: ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை. சேர்க்கும்போதே கவுண்டரில் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் ஒரு சின்ன ரசீது தருவார்கள், சி.எஸ்.ஆர். என்று. அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்திருப்பவர்கள் ஏராளம். அது புகார் பெற்றதற்கான ரசீது மட்டுமே. எஃப்.ஐ.ஆர். வேறு, அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தாமதத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதற்குள் கொத்தனாரை இடித்த காருக்குப் புது பம்பர் மாட்டியாகிவிட்டது.

வழக்கைக் காப்பாற்றியது ஒரு டீக்கடைப் பையன். அன்று அவன் செல்போனில் எடுத்த படத்தில் காரின் நம்பர் பிளேட், உடைந்த முகப்பு விளக்கு, கீழே கிடந்த பைக் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன, படம் எடுத்த நேரத்தோடு. படம் எடுத்தவரின் போன் நம்பரை வாங்கி வையுங்கள். சாட்சி சொல்ல வர வேண்டியிருக்குமோ என்று அவர் பயந்தால், உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகளே சொல்கின்றன. பையன் தானாகவே வந்து சாட்சி சொன்னான்.

காலக்கெடு. முன்பு இந்த வழக்குகளுக்குக் காலக்கெடுவே இல்லாதிருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று வந்துவிட்டது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். இடித்துவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் வருவாய்த் துறையிடம் தனி மனு: கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். குறைவுதான், ஆனால் பலருக்கு இது தெரியவே தெரியாது.

சரி, எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. மருத்துவக் குழு கொத்தனாருக்கு 35 சதவீதம் ஊனம் என்றது. அது காலின் கணக்கு. பிழைப்பின் கணக்கு வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: ஒரு கை போனால் தச்சருக்குச் சம்பாத்தியம் முழுவதுமே போகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். குத்துக்கால் போட்டு உட்கார முடியாத, சாரம் ஏற முடியாத கொத்தனார் 35 சதவீதக் கொத்தனாரா? மாதம் 15,000 வருமானம், ஆண்டு வருமானத்தைப் பெருக்க அந்த வயதுக்கான எண் 15 என்று வைத்தால் 35 சதவீதத்துக்கு 9,45,000 வரும், 60 சதவீதத்துக்கு 16,20,000. மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றினோம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைக் காட்டினோம். தீர்ப்பாயம் 60 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது.

வார்டுக்கே வந்து “சார், எங்க வக்கீல் முடிச்சுத் தருவார், கெடைக்கிறதுல இத்தன பர்சென்ட்” என்று பேசும் தரகர்களிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கில் வரும் பணத்தில் வக்கீல் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. எங்கள் தொழிலில் இருந்துகொண்டே இதை எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

கொத்தனார் முதல் முறை அலுவலகத்துக்கு வந்தபோது ஒரு மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆட்டோவுக்குக் கொடுத்ததைக் குறித்த துண்டுச் சீட்டு என எதையும் விடாமல் சேர்த்து வைத்திருந்தார். மெடிக்கல் ஷாப் பில்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளில் சில மாதத்திலேயே எழுத்து மறைந்துவிடும், வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். “எல்லாம் இதுல இருந்திச்சு வக்கீல் சார்” என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கடைகளில் போய்க் கேட்டு சிலவற்றுக்கு நகல் வாங்கினோம். பதினோராயிரம் ரூபாய்க்குக் கடைசிவரை ஆதாரம் கிடைக்கவில்லை.