டெல்டாகர்மெடால்யென்: தமிழில் என்ன சொல்லலாம்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை எதிர்த்துப் போராடியவர்களுக்கு நார்வே கொடுத்த பதக்கம் டெல்டாகர்மெடால்யென். இதைத் தமிழில் எழுதுபவர்கள் ‘பாதுகாப்புப் பதக்கம்’ என்று போட்டுவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே ‘டிஃபென்ஸ் மெடல்’தான். ஆனால் நார்வேக்காரர்கள் வைத்த பெயரில் பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை.

‘டெல்’ என்றால் பங்கு, ‘டா’ என்றால் எடுத்துக்கொள். ஆக டெல்டாகர் என்பவர் அப்படியே நம் பங்கேற்பாளர். லத்தீன் வழி வந்த ‘பார்ட்டிசிபன்ட்’டும் இதே கட்டுமானம்தான் என்பதால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. (‘பங்காளி’ என்று சுருக்கிவிடலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம், அது வரப்புத் தகராறில் போய் நிற்கும்.) மெடால்யென் என்பதில் கடைசி ‘என்’, ஆங்கில ‘தி’ செய்கிற வேலையைச் சொல்லின் வாலில் நின்று செய்கிறது.

1945 செப்டம்பரில் ஏற்படுத்திய வெண்கலப் பதக்கம் இது. முன்பக்கம் நார்வேயின் சிங்கச் சின்னமும், ஜெர்மனி படையெடுத்த 1940 ஏப்ரல் 9, விடுதலை கிடைத்த 1945 மே 8 என்ற இரண்டு தேதிகளும் இருக்கும். பின்பக்கம் கொடிகளோடு ‘டெல்டாகர் ஈ காம்பென்’ என்ற வாசகம்: போராட்டத்தில் பங்கேற்றவர்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். நார்வே மொழியில் போருக்கு ‘க்ரீக்’ என்று தனிச் சொல் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ‘காம்ப்’ என்று பொறித்திருக்கிறார்கள். கால்பந்து ஆட்டத்துக்குக்கூட அதே சொல்தான், அவ்வளவு அகலமானது. சீருடை போட்ட சிப்பாய்கள் மட்டுமல்லாமல், வணிகக் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்து ஓடிய மாலுமிகளும் இதைப் பெற்றார்கள் என்பதை நினைத்தால் அந்த அகலம் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் தமிழில் ‘போராட்டப் பங்கேற்பாளர் பதக்கம்’ என்றால் சாலை மறியலுக்குப் போய்வந்தவருக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது! வெறும் ‘பங்கேற்புப் பதக்கம்’ என்றாலோ, பள்ளி விளையாட்டு விழாவில் கடைசியாக ஓடிவந்த பிள்ளைக்குத் தரும் ஆறுதல் பரிசு. ‘போர்ப் பதக்கம்’ என்று முடித்துக்கொள்ளலாம் என்றால் அது 1941இல் லண்டனில் இருந்தபடி நார்வே மன்னர் ஏழாம் ஹாகோன் ஏற்படுத்திய க்ரீக்ஸ்மெடால்யென் என்ற வேறு பதக்கத்துக்குச் சேர வேண்டிய பெயர்.

அதனால் என் ஓட்டு ‘போரில் பங்கேற்றோர் பதக்கம்’ என்பதற்கு. காம்ப் என்ற சொல்லின் அகலம் இதில் கொஞ்சம் குறையும், சரி, டெல்டாகராவது முழுசாக வந்து சேர்கிறார்.